மகளுக்கு ஒரு கால்குலேட்டர்

தம்மாமில் குளிர்சாதனப் பணியாளராக இருக்கும் என் மைத்துனர், விடுமுறைக்கு ஊர் வருமுன் தொலைபேசியில் அழைத்தார். "மச்சான், மருமகளுக்கு என்ன வாங்கி வரட்டும்?" என்று அவர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற என் இளைய மகளே குரல் கொடுத்துவிட்டாள்: "மாமா, கிராப் போடுகிற கால்குலேட்டர்!"

அவள் பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு பயில்கிறாள். பெங்களூரில் பன்னாட்டுப் பாடத்திட்டப் பள்ளியொன்றில் படிக்கும் தன் பெரியம்மா மகனிடம் அந்தக் கருவியைப் பார்த்திருக்கிறாள். சாதாரணக் கால்குலேட்டர் எண்ணைக் கேட்டு எண்ணைத் தரும். இதுவோ ஒரு சமன்பாட்டைக் கேட்டு, அதன் வளைகோட்டையே தன் சிறிய திரையில் வரைந்து காட்டும். அந்தக் கோடு திரையில் ஊர்ந்து சென்ற விதத்தை, வீட்டுக்கு வந்ததும் காற்றில் விரலால் வரைந்து காட்டினாள். விலையை விசாரித்தேன். வண்ணத்திரை கொண்ட நல்ல கருவி பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும் என்றார்கள். கல்லூரி மாணவர்களின் கையில் நாம் வழக்கமாகக் காணும் அறிவியல் கால்குலேட்டரின் விலை ஆயிரத்துச் சொச்சம்தான்.

மைத்துனர் மறுக்கக்கூடியவர் அல்லர். ஆனால் பாலைவன வெயிலில் மொட்டை மாடிகளில் நின்று சம்பாதிக்கும் பணம் அது. அதை எண்ணி நான் தயங்கியபோது என் மனைவி கேட்டார்: "மகன் கேட்டிருந்தால் இவ்வளவு யோசிப்பீர்களா?" நம் வீடுகளில் பெண்மக்களின் படிப்புச் செலவு மட்டும் தராசில் இரண்டு முறை நிறுக்கப்படுவதை நாம் எல்லோரும் அறிவோம். அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போக என் மனம் இடம் தரவில்லை. "இரண்டு நாள் பொறுங்கள். அந்தக் கருவி அவளுக்குப் பயன்படுமா என்று பார்த்துச் சொல்கிறேன்" என்றேன்.

இதைப் பற்றிப் பேச எனக்குச் சிறிது தகுதி உண்டு. நான் 1982ஆம் ஆண்டு ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்கூடத்தின் டூல்ரூமில் பயிற்சியாளனாகச் சேர்ந்தவன். டி.வி.எஸ். நிறுவனத்தின் மொபெட்டும் அசோக் லேலண்டின் லாரிகளும் ஓசூரில் உருவாகத் தொடங்கியிருந்த காலம் அது. டைட்டன் கடிகார ஆலை அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்தது. பெரிய ஆலைகளைச் சுற்றி, அவற்றுக்கு அச்சும் கருவியும் உதிரிப் பாகமும் செய்து கொடுக்கும் சிறுபட்டறைகள் முளைத்துக்கொண்டேயிருந்தன. ராகி வயல்களின் நடுவே இருந்த ஊர் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டது. டீக்கடை வாசலில் ஒரே வாக்கியத்துக்குள் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் வந்து போகும் எங்கள் எல்லைப் பகுதியில், "மைக்ரான்" என்னும் சொல் மட்டும் எல்லா மொழிக்கும் பொதுவாக இருந்தது.

டூல்ரூமில் 'சைன் பார்' என்றொரு கருவி உண்டு. இரு முனைகளிலும் உருளை பொருத்திய எஃகுக் கட்டை அது. 200 மில்லிமீட்டர் சைன் பாரை 25 பாகை சாய்க்க வேண்டுமானால், ஒரு முனைக்கு அடியில் 'ஸ்லிப் கேஜ்' எனப்படும் அளவுத் தகடுகளை அடுக்கி உயர்த்த வேண்டும். எவ்வளவு உயரம்? 200ஐ சைன் 25ஆல் பெருக்க வேண்டும். நான் சேர்ந்த புதிதில் இதற்கு எண்ணெய்க் கறை படிந்த அட்டவணைப் புத்தகம் ஒன்று இருந்தது. நான்கு இலக்க அட்டவணையில் பார்த்தால் 84.52 கிடைக்கும். கால்குலேட்டரோ 84.524 என்று மூன்றாம் இலக்கத்தையும் சொல்லிவிடும். எங்கள் மேஸ்திரி சென்னை பர்மா பஜாரில் வாங்கிய ஒரு கால்குலேட்டரை உறையோடு சட்டைப் பையில் வைத்திருப்பார். அதைத் தொடுவதற்கு முன் கை கழுவ வேண்டும் என்பது சட்டம்!

அக்காலத்தில் அது எவ்வளவு அரிய பொருள் என்பதற்கு ஒரு கணக்கு. சட்டைப் பையில் அடங்கும் முதல் அறிவியல் கால்குலேட்டரை அமெரிக்காவின் ஹியூலட்-பேக்கார்ட் நிறுவனம் 1972இல் வெளியிட்டது. 35 விசைகள் கொண்டிருந்தமையால் எச்.பி.-35 என்று பெயர். விலை 395 டாலர். வரைபடம் வரையும் முதல் கால்குலேட்டர் 1985இல் ஜப்பானின் கேசியோ வெளியிட்ட எஃப்எக்ஸ்-7000ஜி. அதன் திரையில் குறுக்கே 96, நெடுக்கே 64 புள்ளிகள் மட்டுமே. நிரல் எழுதி வைப்பதற்கான நினைவகம் 422 பைட். இன்று கைபேசியில் நாம் அனுப்பும் ஒரு ஸலாமின் படத்துக்கு அதைப்போல் பல நூறு மடங்கு இடம் வேண்டும். 1990இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் பள்ளிகளைக் கருதி டிஐ-81 என்னும் கருவியைக் கொண்டுவந்தது. 1995 முதல் அமெரிக்காவின் ஏ.பி. கால்குலஸ் தேர்வில் ஒரு பகுதிக்கு வரைபடக் கால்குலேட்டர் கட்டாயமாயிற்று. மகளின் பெரியம்மா மகன் படிக்கும் பன்னாட்டுப் பாடத்திட்டத்திலும் அது பாடத்தின் ஓர் அங்கம். அங்கெல்லாம் தேர்வே அதைக் கேட்பதால் பெற்றோர் வாங்கித் தருகிறார்கள்.

நம் பக்கத்தில் நிலைமை நேர் எதிர். ஜே.இ.இ., நீட் ஆகிய நுழைவுத் தேர்வுகளில் எந்தக் கால்குலேட்டரும் கூடாது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் இன்னும் மடக்கை அட்டவணையைப் புரட்டுகிறார். கேட் தேர்வில் கணினித் திரையிலேயே ஒரு கால்குலேட்டர் தந்துவிடுகிறார்கள். வீட்டிலிருந்து கொண்டுபோக அனுமதி இல்லை. பொறியியல் பருவத் தேர்வுகளில் நிரல் எழுதி வைக்க இயலாத அறிவியல் கால்குலேட்டரே செல்லும் என்பது பொதுவான நடைமுறை. வரைபடக் கால்குலேட்டர்களோ ஏறக்குறைய எல்லாமே நிரல் ஏற்பவை. ஆக, என் மகள் கேட்ட கருவி அவளுடைய தேர்வுக் கூடத்தின் வாசலோடு நின்றுவிடும். உள்ளே அவள் வேறொரு கருவியோடு உட்கார வேண்டும். ஆண்டு முழுவதும் ஒன்றில் பழகி, மூன்று மணி நேரம் மட்டும் இன்னொன்றில் விசையைத் தேடுவது எவ்வளவு தொல்லை என்பது எந்திரம் மாற்றி வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதைச் சொன்னதும் மகள் வாதாடினாள். "அத்தா, தேர்வுக்கு இல்லை. புரிந்துகொள்வதற்குத்தான் கேட்கிறேன்" என்றாள். இது நியாயமான பேச்சு. வரைபடம் ஒன்றால்தான் விளங்கும் கணக்குகள் உண்டு. அவளே ஓர் உதாரணம் தந்தாள். 'ஈ' என்று குறிக்கப்படும் 2.718 என்ற எண்ணின் எக்ஸ் அடுக்கு, எக்ஸின் மூன்று மடங்குக்குச் சமமாக வேண்டும். எக்ஸ் எவ்வளவு? அவளிடமிருந்த பழைய அறிவியல் கால்குலேட்டரில் 'சால்வ்' விசையை அழுத்தினால் 0.619 என்று ஒரு விடை வரும். தொடக்க மதிப்பை மாற்றிக் கொடுத்தால் 1.512 என்று இன்னொரு விடை வரும். இரண்டும் சரிதான். ஆனால் இரண்டு விடை இருக்கிறது என்பதை அந்தக் கருவி தானாகச் சொல்வதில்லை. வரைபடக் கருவியிலோ மேலெழும் வளைகோட்டை நேர்கோடு ஒன்று இரண்டு இடங்களில் வெட்டிச் செல்வதைக் கண்ணால் பார்த்துவிடலாம். மூன்றாவது இடம் இல்லை என்பதும் ஓரளவு விளங்கிவிடும்.

என் மனைவி வேறொரு பக்கத்திலிருந்து வந்தார். "கைபேசியிலேயே இதெல்லாம் வருமாமே, அதை அவள் கையில் கொடுப்பதற்கு இது மேல் அல்லவா? இதில் இணையமும் இல்லை, வெட்டிப் பேச்சும் இல்லை." இதுவும் பொருளுள்ள பேச்சுதான். பெண்பிள்ளைக்குத் தனிக் கைபேசி வேண்டாம் என்று கட்டுப்பாடு வைக்கும் வீடுகள் நம்மிடம் பல. அந்தக் கட்டுப்பாட்டில் எனக்கு உடன்பாடில்லை. ஆண்பிள்ளைக்கு இல்லாத ஆபத்து பெண்பிள்ளைக்கு மட்டும் எங்கிருந்து வருகிறதோ! ஆயினும் படிக்கும் நேரத்தில் மணிக்கு நூறு முறை ஒலிக்கும் கருவி மேசைமேல் வேண்டாம் என்பதில் எங்கள் இருவருக்கும் ஒரே கருத்து. வரைபடக் கால்குலேட்டரை ஆதரித்து நான் கேட்டவற்றுள் வலுவான வாதம் இதுதான் என்று இன்றும் சொல்வேன்.

அப்போதுதான் பரண்மேல் இருந்த மடிக்கணினி நினைவுக்கு வந்தது. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், என் மூத்த மகன் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது பெற்றது அது. மின்கலம் செத்துவிட்டது. ஆனால் மின்கம்பியைச் செருகினால் உயிர் வருகிறது. அதில் 'ஜியோஜீப்ரா' என்னும் கணித மென்பொருளை மகன் ஏற்றிக் கொடுத்தான். 2001இல் ஆஸ்திரிய நாட்டு மாணவர் ஒருவர் உருவாக்கத் தொடங்கியது அது. மாணவர்களுக்குக் கட்டணமில்லை, ஒரு முறை பதிந்துவிட்டால் இணையமும் வேண்டியதில்லை. கூடத்தில், எல்லோர் கண்ணும் படும் இடத்தில், அந்தக் கணினி இப்போது உட்கார்ந்திருக்கிறது. கால்குலேட்டரின் உள்ளங்கைத் திரையில் எறும்பாக ஊர்ந்த வளைகோடு இதில் முழத்திரையில் ஓடுகிறது. எண்களை மாற்ற மாற்றக் கோடு வளைவதைப் பார்க்க இப்போது என் மனைவியும் சில வேளை அருகில் வந்து நிற்கிறார்.

ஆனாலும் கையில் ஒரு முறை தொட்டுப் பார்க்காமல் மகள் சமாதானம் அடைய மாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமை இருவரும் ஓசூரிலிருந்து பேருந்து ஏறி, ஜூஜூவாடியையும் அத்திப்பள்ளியையும் கடந்து பெங்களூர் எஸ்.பி. ரோடுக்குப் போனோம். மின்னணுப் பொருள் எதுவானாலும் எங்கள் பட்டறைக்காரர்களின் கால்கள் தாமாகப் போய் நிற்கும் தெரு அது. கடைக்காரர் பொறுமையுள்ளவர். இரண்டு வரைபடக் கருவிகளை எடுத்து முன்னே வைத்தார். மகள் அரை மணி நேரம் அழுத்திப் பார்த்தாள். பின்பு அவளாகவே சொன்னாள்: "அத்தா, இதில் மூன்று பட்டியலுக்குள் போய்த்தான் ஒரு பின்னத்தைத் தேட வேண்டியிருக்கிறது. நான்கு பேட்டரி வேறு போட வேண்டும்." கனமும் அவளுக்குப் பிடிக்கவில்லை. எங்கள் பணத்துக்காக அவள் அப்படிச் சொல்லியிருக்கலாம் என்று எனக்குச் சிறு ஐயம் இருந்தது. ஆனால் அவள் பார்வை அதற்குள் அடுத்த கருவிக்குப் போய்விட்டது.

முடிவில் வாங்கியது, சூரிய ஒளியிலும் பொத்தான் மின்கலத்திலும் ஓடும் கேசியோவின் 991 வரிசைக் கால்குலேட்டர் ஒன்று. இந்த வரிசையில் எம்.எஸ்., இ.எஸ்., இ.எக்ஸ்., சி.டபிள்யூ. என்று பல தலைமுறைகள் உண்டு. பிந்தியவற்றில் பின்னமும் வர்க்கமூலமும் நாம் தாளில் எழுதுவதுபோலவே திரையில் தோன்றும். 2015இல் வந்த இ.எக்ஸ். முதல், பதிந்த சார்பைக் கட்டங்கள் நிறைந்த ஒரு சதுரக் குறியீடாகத் திரையில் காட்டும் வசதியும் உண்டு. அதைக் கைபேசியால் படம்பிடித்தால் வரைபடம் கைபேசித் திரையில் வந்துவிடும். ஆனால் எந்த மாதிரி எந்தத் தேர்வில் செல்லும் என்பது இடத்துக்கு இடம் மாறும். கல்லூரித் தேர்வுப் பிரிவில் கேட்காமல் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

இக்கருவியின் போலிகள் சந்தையில் ஏராளம். உறையும் எழுத்தும் அச்சு அசல் போலவே இருக்கும். உத்தரவாத அட்டையும் முறையான ரசீதும் கேட்டு வாங்குவது முதல் காவல். கடையிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையும் இருக்கிறது. கருவி பாகை நிலையில் இருக்கட்டும். 9க்கு சைன் காணுங்கள். வந்த விடைக்குக் கொசைன், அதற்கு டேன்ஜன்ட். பின்பு அதே வழியில் திரும்புங்கள்: தலைகீழ் டேன்ஜன்ட், தலைகீழ்க் கொசைன், தலைகீழ் சைன். போன இடத்திலிருந்து புறப்பட்ட 9க்கே வந்து சேர வேண்டும். உள்ளே அதிக இலக்கங்களை வைத்துக் கணக்கிடும் கருவி 9ஐயோ, அதற்கு மிக மிக அருகிலோ காட்டும். மட்டமான கருவி வழியிலேயே பல இலக்கங்களைச் சிந்திவிட்டு எங்கோ போய் நிற்கும். நான் இதைச் செய்தபோது கடைக்காரர் சிரித்துவிட்டு, "டூல்ரூமா?" என்று கேட்டார்.

வாங்கிய அன்றே மகளுக்கு நான் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு பாடம். அதற்கு ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். நான் முன்பு பணியாற்றிய ஒரு தொழிற்கூடத்தில், பயிற்சிக்கு வந்த ஓர் இளைஞனுக்கு வட்டமான பிளாஞ்ச் ஒன்று கொடுக்கப்பட்டது. 120 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தின்மேல் சம இடைவெளியில் ஆறு துளைகள் இட வேண்டும். முதல் துளை நேர் வலப்புறம். இரண்டாவது 60 பாகையில். அதன் இடத்தைக் காண, ஆரமாகிய 60ஐக் கொசைன் 60ஆலும் சைன் 60ஆலும் பெருக்கினால் போதும். குறுக்கே 30, மேலே 51.962 என்று வரும். அந்த இளைஞனின் கால்குலேட்டரோ, முந்தைய நாள் யாரோ ஆரையன் நிலைக்கு மாற்றி வைத்தபடியே இருந்தது. கருவி 60ஐப் பாகையாக எடுத்துக்கொள்ளாமல் 60 ஆரையனாக எடுத்துக்கொண்டு, குறுக்கே கழித்தல் 57.145, மேலே கழித்தல் 18.289 என்று விடை சொல்லியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த விடை அபத்தமாகத் தோன்றவில்லை. அந்த இரண்டு எண்களையும் வர்க்கப்படுத்திக் கூட்டிப் பாருங்கள், 3600 வரும். அதாவது தவறான புள்ளியும் அதே வட்டத்தின் மேல்தான் இருக்கிறது! ஆகவே எந்திரமும் முரண்டு பிடிக்கவில்லை, ஓரத்தில் இடிக்கவும் இல்லை. துளை அழகாக விழுந்தது, விழக்கூடாத இடத்தில். மாலையில் சோதனைப் பிரிவில் அது தள்ளப்பட்டு, நல்ல எஃகு ஸ்க்ராப் தொட்டிக்குப் போயிற்று. அந்தப் பையன் அடுத்த மாதம் வேலைக்கு வரவில்லை. கருவியை மாற்றி வைத்தவர் யார் என்பதை எவரும் விசாரிக்கவில்லை. அவன் குடும்பம் தேன்கனிக்கோட்டைப் பக்கம் என்று மட்டும் நினைவிருக்கிறது.

ஆகையால் மகளுக்குச் சொன்னேன்: கையில் எடுத்தவுடன் சைன் 30 அழுத்து. 0.5 வந்தால் பாகை. வேறு எது வந்தாலும் நிறுத்து. திரையின் மேல் விளிம்பில் 'டி' இருந்தால் பாகை, 'ஆர்' இருந்தால் ஆரையன், 'ஜி' இருந்தால் நூறு கூறாகப் பிரித்த செங்கோணம். கடைசிக் கணக்கை நம் ஊரில் பயன்படுத்தி நான் கண்டதில்லை. இ.எஸ்., இ.எக்ஸ். மாதிரிகளில் ஷிஃப்ட், 9, 3, சமக்குறி என்று அழுத்தினால் எல்லாம் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். தேர்வுக் கூடத்தில் உட்கார்ந்ததும் அதைச் செய்துவிட்டு வினாத்தாளைத் திறப்பது நல்லது. நினைவில் சேர்த்து வைத்திருந்தவையும் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

அடைப்புக்குறியிலும் கஞ்சத்தனம் கூடாது. 6ஐ 2ஆல் வகுத்து, பெருக்கல் குறி இடாமலே அடைப்புக்குள் 1 கூட்டல் 2 என்று எழுதிப் பாருங்கள். கேசியோவின் 991 வரிசையில் சில மாதிரிகள் 1 என்கின்றன. டெக்சாஸ் நிறுவனத்தின் டிஐ-84 அதே எழுத்துக்கு 9 என்கிறது. குறி இல்லாத பெருக்கலுக்கு முதலிடம் தருவதா வேண்டாமா என்பதில் இரண்டுக்கும் வேறு வேறு மரபு. குறியை வெளிப்படையாக எழுதிவிட்டால் சண்டையே இல்லை.

வரைபடம் வேண்டிய இடத்தில் இந்தச் சிறு கருவி கைவிட்டுவிடுமா? அதுவும் இல்லை. 'டேபிள்' என்றொரு வசதி அதில் இருக்கிறது. மகளின் அந்த இரண்டு விடைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஈயின் எக்ஸ் அடுக்கிலிருந்து மூன்று எக்ஸைக் கழித்துச் சார்பாகப் பதிந்து, 0 முதல் 2 வரை அரை அரையாக நடக்கச் சொன்னோம். 0இல் விடை 1. 0.5இல் 0.149. 1இல் கழித்தல் 0.282. 1.5இல் கழித்தல் 0.018. 2இல் 1.389. நேர்க்குறி எதிர்க்குறியாக மாறும் இடம் ஒன்று, திரும்ப நேர்க்குறியாகும் இடம் ஒன்று. எனவே அரைக்கும் ஒன்றுக்கும் நடுவே ஒரு விடை, ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவே இன்னொரு விடை. இந்த ஐந்து புள்ளிகளைக் கட்டத்தாளில் இட்டுப் பென்சிலால் இணைத்தால் வளைகோடு வந்துவிடுகிறது. ஒன்றரைக்கு அருகே அது அச்சை உரசிக்கொண்டு போவதும் தெரிகிறது. கட்டத்தாள் விலை ஒரு ரூபாய்!

இவ்வளவும் சொன்னதால் வரைபடக் கால்குலேட்டரே வீண் என்று வாசக அன்பர்கள் கருதிவிடக் கூடாது. வளைகுடாவிலோ பெங்களூரிலோ அமெரிக்க அல்லது பன்னாட்டுப் பாடத்திட்டத்தில் பிள்ளைகளைச் சேர்த்திருப்போர், பள்ளி குறிப்பிடும் மாதிரியைத் தயங்காமல் வாங்கித் தரலாம். ஆசிரியர் வகுப்பில் எந்தக் கருவியைக் கொண்டு விளக்குகிறாரோ அதுவே பிள்ளைக்கும் ஏற்றது. முந்தைய ஆண்டு மாணவரிடம் பழையது கிடைத்தால் இன்னும் நன்று. ஆனால் கேம்பிரிட்ஜ் ஏ-லெவல் தேர்வுகளில் வரைபடக் கருவிக்கு அனுமதி இல்லை என்பதைக் கவனியுங்கள். பன்னாட்டுப் பள்ளி என்ற பெயர் ஒன்றே போதாது. எஸ்.ஏ.டி. தேர்வோ இப்போது கணினி வழியாக நடக்கிறது. அதன் திரைக்குள்ளேயே 'டெஸ்மாஸ்' என்னும் வரைபடக் கால்குலேட்டரை வைத்துவிட்டார்கள்.

மைத்துனர் என்ன வாங்கி வந்தார் என்று கேட்கிறீர்களா? மகளே தேர்ந்து சொன்னாள். நூறில் ஒரு மில்லிமீட்டர் காட்டும் மிட்டுடோயோ டிஜிட்டல் வெர்னியர் ஒன்று. கால்குலேட்டர் விலைக்கு அது பெரிதாகக் குறைந்ததில்லை என்பதைக் கவனித்த என் மனைவி, தம் கேள்வியை அதன்பின் எழுப்பவில்லை.

வீட்டில் பிள்ளைகளோடு செய்து பார்க்க ஒரு கணக்கைத் தருகிறேன். கால்குலேட்டரில் சைன், கொசைன், டேன்ஜன்ட் விசைகளைத் தொடும்போதெல்லாம் நம் முன்னோர் சிலரையும் தொடுகிறோம் என்பது பலருக்குத் தெரியாது. வில்லின் நாண் என்னும் பொருளில் இந்தியக் கணிதர் வழங்கிய 'ஜீவா' என்ற சொல் அரபியில் 'ஜீப்' ஆயிற்று. உயிர்க்குறி இல்லாத எழுத்தில் அது 'ஜைப்' என்று படிக்கப்பட்டது. 'ஜைப்' என்றால் மடி, வளைவு. 12ஆம் நூற்றாண்டின் லத்தீன் மொழிபெயர்ப்பாளர்கள் அந்தப் பொருளையே தம் மொழியில் 'சைனஸ்' என்று எழுதினர். அதுவே இன்றைய சைன். பாக்தாதில் 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் நூற்பெயரிலிருந்து அல்ஜீப்ரா வந்தது. அந்நூலின் பிற்பகுதி முழுவதும் வாரிசுரிமைப் பங்கீட்டுக் கணக்குகள். அல்பிரூனி 1025இல் முடித்த தம் நூலில், கஸ்னா நகரிலிருந்து கிப்லாவின் திசையைக் கோள முக்கோணக் கணிதத்தால் கண்டறிந்தார். அவர் பல நாள் உழைத்த அதே வகைக் கணக்கை நம் பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம்.

மக்கா 21.42 பாகை வடக்கு, 39.83 கிழக்கு. ஓசூர் 12.74 பாகை வடக்கு, 77.83 கிழக்கு. கிழக்கு அளவுகளின் வேறுபாடு 38. கருவி பாகை நிலையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் கொசைன் 12.74ஐ டேன்ஜன்ட் 21.42ஆல் பெருக்குங்கள்: 0.3826. அதிலிருந்து சைன் 12.74, கொசைன் 38 ஆகியவற்றின் பெருக்கற்பலனாகிய 0.1738ஐக் கழியுங்கள்: 0.2088. சைன் 38ஐ இதனால் வகுத்துத் தலைகீழ் டேன்ஜன்ட் கண்டால் 71.3 பாகை. வடக்கிலிருந்து மேற்காக அளக்க வேண்டிய கோணம் இது. அதாவது ஓசூரின் கிப்லா நேர் மேற்கிலிருந்து 18.7 பாகை வடக்கே சாய்ந்தது. கிருஷ்ணகிரிக்கு 18.9 வரும். நேர் மேற்கு நோக்கிக் கட்டிய பழைய பள்ளிவாசல்களைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள். அது உலமாக்களின் பொறுப்பு. நான் கோணத்தை மட்டும் சொல்கிறேன்.

விடையைச் சரிபார்க்க ஆண்டில் இரண்டு நாட்களில் வழி உண்டு. மே 28ஆம் தேதி நம் நேரப்படி பிற்பகல் 2.48க்கும், ஜூலை 16ஆம் தேதி 2.57க்கும் சூரியன் கஅபாவின் நேர் உச்சியில் நிற்கிறது. லீப் ஆண்டானால் ஒரு நாள் முந்தும். அந்நேரம் ஓசூரில் சூரியன் மேற்கு வானில் ஏறக்குறைய 53 பாகை உயரத்தில் இருக்கும். மொட்டை மாடியில் ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, அந்த நிமிடத்தில் தரையில் விழும் நிழலின்மேல் சுண்ணாம்பால் கோடிடுங்கள். நிழல் நீளும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் கிப்லா. ஜூலையில் எங்கள் பக்கம் மேகம் மறைத்துவிடும். மே மாதத்தையே நம்புங்கள்.